டிபன் கேரியர் உட்கார்ந்திருந்த பெஞ்சு

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. பயந்துகொண்டு இல்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இங்கே வேறு எதற்கு என்றுதான். இப்போது அவள் பெரிய போலீஸ் அதிகாரி, அடிஷனல் எஸ்பி. எந்த ஊரில் என்பதையும் விட்டுவிடுகிறேன். அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 

எதிரில் ஒருவர் நின்றால் அவளால் உட்கார்ந்திருக்க முடியாது. அதுதான் அவள் குணம். திருப்பதியில் லேடீஸ் ஹாஸ்டலில் நாங்கள் ஒரே அறை. இரண்டு பேரும் ஆந்திராவிலேயே நகரிப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண்கள், இரண்டு வீட்டிலும் பவர்லூம். குரூப் ஒன் எழுதி டிஎஸ்பி ஆகியே தீருவேன் என்று வந்தவள் அவள். ஏதோ ஒரு கவர்மெண்டு வேலை கிடைத்தால் போதும் என்று வந்தவள் நான். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் முண்டியடித்து நான் சீட்டு பிடிப்பேன். பஸ் கிளம்பியதும் அவள் எழுந்து யாருக்காவது கொடுத்துவிடுவாள். வயசானவர், கைக்குழந்தைக்காரி என்றால் சரி. ஒரு தடவை திடகாத்திரமான காலேஜ் பையன் ஒருவனுக்குக் கொடுத்தாள்.

"ஏய், அவன் உன்னவிட சின்னவன்டி. கல்லு மாதிரி இருக்கான்."

"நின்னுகினு வர்றான் இல்ல? அவன் நிக்கும்போது நான் எப்படி உக்காந்துகினு வர்றது?"

அந்தப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றான். இவள் உட்கார மாட்டேன் என்றாள். இரண்டு பேரும் நிற்க, அந்தச் சீட்டில் ஒரு பெரியவர் தன் தக்காளிக் கூடையை வைத்துக்கொண்டு புத்தூர் வரை சௌக்கியமாக வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஹாஸ்டலில் சமைக்கிற அம்மா ஒருவர் இருந்தார். தெலுங்குக்காரர். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படி வாசலில் நின்றுகொண்டே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார். இவள் போன முதல் வாரமே தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் போட்டாள். வார்டன் வந்து சத்தம் போட்டாள். இவள் அதற்கு மேல் சத்தம் போட்டாள்.

"அவங்க உக்காந்து துன்னாத்தான் நானும் துன்னுவேன். இல்லன்னா எனக்குச் சோறே வேணாம்."

நிஜமாகவே அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. கடைசியில் அடுப்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஹாஸ்டல் முழுக்க அவளுக்குப் பெரிய பேர் வந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா என்னிடம், ஞாயிற்றுக்கிழமை அரை நாள் லீவு கேட்டேன், அதைக் கொடுக்கவில்லை, நாற்காலி மட்டும் கொடுத்தார்கள் என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். அதை அப்போது ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

இந்த நாற்காலிப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு கதை சொல்வாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர்கள் வீட்டுத் தறிக் கொட்டகையிலிருந்து பாவு நூல் திருடு போனது. அவள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு கால் சரியில்லை, சாய்ந்து சாய்ந்து நடப்பார். புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனவர், துணைக்கு யூனிஃபார்மோடு இவளையும் கூட்டிக்கொண்டு போனார். காலையில் போனவர்கள் விளக்கு போடும் நேரம் வரைக்கும் நின்றார்கள்.

"ஒரு பெஞ்சு காலியா இருந்துச்சிடி. அதுமேல ஒரு போலீஸ்காரரோட டிபன் கேரியர் வெச்சிருந்தாங்க. எங்க நைனா போய் அதுல உக்காரப் போனாரு. 'நிலபடு'ன்னு ஒரு அதட்டல். எழுந்து நின்னுட்டாரு. அந்தக் கேரியர் உக்காந்துகினு இருந்துச்சி, எங்க நைனா நின்னுகினு இருந்தாரு."

இதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிடும்.  எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான். கேட்கிற எனக்கும் ஆத்திரம் வரும். விடியற்காலையில் யூனிவர்சிட்டி கிரவுண்டில் அவள் ஓடும்போது நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். போலீஸ் போஸ்டுக்கு வேண்டிய உயரத்துக்கு அவள் ஒரு விரல்தான் கூடுதல். வாரா வாரம் கதவு நிலையில் நின்று என்னை அளக்கச் சொல்வாள், எங்கே குறைந்துவிடுவோமோ என்று. ஆடிட் வேலை, வரி வேலை, பஞ்சாயத்து ஆபீசர் வேலை எல்லாம் அந்தப் பரீட்சையிலேயே உண்டு. அது எதுவும் அவளுக்கு வேண்டாம். டிஎஸ்பிதான்.

மெயின்ஸ் தேறி இன்டர்வியூவுக்கு வந்தபோது கோச்சிங் சென்டரில் ஒத்திகை வைத்தார்கள். உள்ளே போனதும் வணக்கம் சொல்லி நிற்க வேண்டும், அவர்கள் உட்காரச் சொல்லும் வரை உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த மாஸ்டரோடு சண்டை. "நாலு பேர் உக்காந்துகினு ஒருத்தர நிக்க வெச்சி பாக்கறது இன்னா மரியாதை சார்?" மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நிஜ இன்டர்வியூவில் ஒரு மெம்பர் கேட்டாராம், டிஎஸ்பி ஆனால் முதலில் என்ன செய்வாய் என்று. எல்லோரும் குற்றத்தைக் குறைப்பேன், பெண்கள் பாதுகாப்பு என்று ஆரம்பிப்பார்கள். இவள், "ஸ்டேஷனுக்கு வர்றவங்க உட்கார நாற்காலி போடுவேன்" என்றாள். டிபன் கேரியர் கதையையும் சொன்னாள். போர்டில் இருந்த ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அந்த வருஷ லிஸ்டில் அவளுக்கு டிஎஸ்பி வந்தது.

நகரியில் அவளை மேளம் வைத்து ஊர்வலம் அழைத்துப் போனார்கள். ஃபிளெக்ஸில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஒத்திகையில் தலையில் அடித்துக்கொண்ட மாஸ்டர் தன் சென்டர் வாசலில் அவள் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்து, அந்த நாற்காலிப் பதிலையும் கீழே போட்டுக்கொண்டார். எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. எல்லைப்புறத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். அவள் சொன்னதைச் செய்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போன இடமெல்லாம் ஸ்டேஷனில் வரிசையாக நாற்காலி, ஃபேன், குடிதண்ணீர். பேப்பரில் படம் வரும். ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள், இவள் குனிந்து பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் படங்களை வெட்டி என் கிளாஸ் சுவரில் ஒட்டினேன். என் சிநேகிதி என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன்.

இனி என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் தம்பி எங்கள் தறியைப் பார்த்துக்கொள்கிறான். மோட்டாருக்கு ஒரு ஸ்பேர் வாங்க வெளியூர் போனவன், திரும்பும்போது மலையடிவாரத்தில் ஒரு ஊரில் பஸ் மாறினான். பஸ் ஸ்டாண்டில் நின்று எனக்குப் போன் செய்தான். "அக்கா, பஸ்ஸு வரல, லேட்டாவும், நைனாகிட்ட சொல்லிடு" என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானது. அவன் செய்த குற்றம் தமிழில் பேசியது. அந்த மலையில் செம்மரம் வெட்ட தமிழ்நாட்டிலிருந்து கூலி ஆட்களைக் கூட்டிவருகிறார்கள் அல்லவா, அதனால் அங்கே தனியாக நின்று தமிழ் பேசுகிற ஆண்பிள்ளை எல்லாம் மரம் வெட்டி. மஃப்டியில் இருந்த போலீஸ்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

"மாதி நகரி சார், நகரி" என்று தெலுங்கில் கத்தியிருக்கிறான். எங்களுக்கு நகரிதான் ஊர், தாத்தா காலத்திலிருந்து ஓட்டு அங்கேதான். "மாட்டினதும் எல்லா அரவோடும் இப்படித்தான் சொல்வான்" என்றார்களாம். அரவோடு என்றால் தமிழன், மரியாதை இல்லாமல். கையைக் காட்டச் சொன்னார்கள். தறிக்காரன் கை காய்த்துத்தானே இருக்கும்? கோடாலி பிடித்த கை என்றார்கள். அப்புறம் ஒரு தெலுங்குப் பேப்பரை நீட்டி, நகரிக்காரன் என்றால் இதைப் படி என்றார்கள். அவன் தெலுங்கு தண்ணீர் மாதிரி பேசுவான். படிக்கத் தெரியாது. தமிழ் மீடியத்தில் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டுத் தறிக்கு வந்தவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தப்பா அது?

இடது காதைச் சேர்த்து அறைந்தார்கள். திரும்பத் திரும்ப. மறுநாள் எங்கள் நைனா ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு ஓடிய பிறகுதான் விட்டார்கள். ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை, பிடித்ததற்கு ஒரு காகிதம் இல்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தறி ஓடும்போது நூல் அறுந்தால் சத்தத்தில் தெரியும் அவனுக்கு. இப்போது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

எனக்கு உள்ளே நெருப்பு எரிந்தாலும் ஒரு தைரியம் இருந்தது. ஏனென்றால் அந்த ஸ்டேஷன் அவள் பார்வைக்குக் கீழே வருகிறது. அடித்தவர்கள் மேல் கேஸ் போட வேண்டும், நான் கேட்டது அது ஒன்றுதான். தம்பியைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை, ஜனங்கள் குறை சொல்ல வருகிற நாளில், அவள் ஆபீசுக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். கட்டிப்பிடித்தாள். தம்பியைப் பார்த்து, "இன்னாடா இப்படி எளச்சிட்ட?" என்றாள். தானே நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ வந்தது. தம்பி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்தவள், சட்டென்று எழுந்து அவன் நாற்காலியைத் தூக்கி மேசையின் இந்தப் பக்கம் போட்டாள், அவள் பேசுவது அவன் நல்ல காதில் விழும்படி. அப்படி யாருக்குத் தோன்றும்? டாக்டருக்குத் தோன்றவில்லை, பெற்றவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவளிடம் வந்தோமே, இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன்.

எல்லாம் கேட்டாள். "எனக்குத் தெரியும். அவனுங்கதான் பண்ணானுங்க. கூப்புட்டு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன்" என்றாள்.

"சரி, கேஸ் போடு."

 அவள் குரலைத் தாழ்த்தி, "கேஸ் போட்டா இவன்தான் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும். நான் அவனுங்கள வேற எடத்துக்கு மாத்திடறேன். கொஞ்சம் பொறு" என்றாள்.

பொறுத்தேன். மறுபடி போனேன். நாற்காலி, டீ, இந்தத் தடவை பிஸ்கட்டும். ஃபைல் மேலே போயிருக்கிறது. மறுபடி போனேன். நாற்காலி, டீ. மேலே இருப்பவர் லீவில் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தம்பி நாற்காலியை அவளே சரியான பக்கத்தில் போட்டாள். வெளியே ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அதே முகங்கள். நிலத்தைப் பறிகொடுத்த அண்ணன் தம்பி, மகளைக் காணாத ஒரு அம்மா. எல்லோரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். "மேடம் தங்கம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த அம்மாவிடம், மகள் விஷயம் என்ன ஆனது என்று கேட்டேன். "எங்க? ஆனா ரொம்ப மரியாதையா பேசறாங்கம்மா" என்றார்.

தம்பி வர மறுத்துவிட்டான். "எதுக்குக்கா? டீ குடிக்கவா? டீ நம்ம ஊர்லயே கெடைக்குது." அதற்குப் பிறகு தறி மோட்டாரைப் போட்டுவிட்டான், அந்தச் சத்தத்தில் என் பதில் அவனுக்குக் கேட்டிருக்காது.

கடைசியாக நான் மட்டும் போனேன்.

"வாடி, உக்காரு" என்றாள்.

"நிக்கிறேன்."

"இன்னா கோவமா? உக்காருடி மொதல்ல."

"கேஸ் போட்டுட்டு சொல்லு, உக்கார்றேன்."

நான் எதிர்பார்த்தபடியே எழுந்துவிட்டாள். எதிரில் ஆள் நின்றால் அவளால் உட்கார முடியாதே, எனக்குத் தெரியாதா? இரண்டு பேரும் மேசைக்கு இப்படியும் அப்படியுமாக நின்றோம்.

"புரிஞ்சிக்கோடி. நானும் தமிழ்க்காரி. டிரெயினிங்ல என்னையே அரவம்னுதான் கூப்புட்டாங்க. இப்ப நான் இந்த கேஸ போட்டா, தமிழனுக்காக டிபார்ட்மெண்ட காட்டிக் குடுத்தாள்னு சொல்வாங்க. அதான் என்னால முடியல."

"நீ தமிழ்க்காரின்றதாலதான் உன்கிட்ட வந்தேன். நீயே பஸ் ஸ்டாண்டுல சேலை கட்டிகினு நின்னு தமிழ்ல போன் பேசுனா உன்னை இன்னா பண்ணுவானுங்க?"

 எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

"உங்க நைனா நூலு திருடு போச்சின்னு போனாரே. அன்னிக்குக் கம்ப்ளெயிண்ட எழுதிக்கினாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கேரியர் கதைய எத்தினி தடவ சொல்லியிருக்க. எங்கிட்ட சொன்ன, இன்டர்வியூல சொன்ன, பேப்பர்காரங்ககிட்ட சொன்ன. நூலு கெடச்சிச்சான்னு ஒரு தடவகூட சொன்னதில்லையே?"

"இல்ல" என்றாள். "எழுதிக்கல."

"அந்தக் கேரியர எடுத்துட்டு உங்க நைனாவ உக்கார வெச்சிட்டு, டீயும் குடுத்துட்டு, எழுதிக்காம அனுப்பியிருந்தா உனக்கு அது போதுமாடி?"

 ஏதோ சொல்ல வந்தாள். அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் ஃபைலோடு உள்ளே வந்தார். சல்யூட் அடித்துவிட்டு, நின்றுகொண்டிருக்கிற மேடத்தையும் நின்றுகொண்டிருக்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, ஃபைலைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. அடுத்தவர்களை அனுப்புங்கள் என்று தெலுங்கில் சொன்னாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத பையனுக்காக எழுந்தவள், ஒரு சமையல்கார அம்மாவுக்காகப் பட்டினி கிடந்தவள். டிஎஸ்பி ஆனபோது மேளம் அடித்தார்கள், நானும் கூட ஆடினேன். ஆனால் அவள் போலீஸ் ஆனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிளாஸ் சுவரிலிருந்து படங்களைக் கிழித்தெடுத்தேன். பிள்ளைகள் ஏன் டீச்சர் என்றார்கள். பசை காய்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன்.

சித்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். போலீஸ் கேஸ் போடாவிட்டால் நேராக மாஜிஸ்ட்ரேட்டிடமே மனு கொடுக்கலாம் என்றார். கொடுத்துவிட்டோம். தம்பி முதலில் வேண்டாம் என்றான், பிறகு சரி என்றான். கேள்வி கேட்கிறவர் வலது பக்கம் நின்று கேட்க வேண்டும் என்று வக்கீலிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். சாட்சிகள் யார் யார் என்று அவர் கேட்டபோது, தம்பியை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், காதைப் பார்த்த டாக்டர் என்று இரண்டு பேரைச் சொன்னேன். அப்புறம் அவள் பேரைச் சொன்னேன். "அவனுங்கதான் பண்ணானுங்க" என்று என்னிடமும் தம்பியிடமும் வாயால் சொன்னவள் ஆயிற்றே. வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு, நிஜமாகவா அம்மா, அவ்வளவு பெரிய ஆபீசரையா என்றார். நிஜமாகத்தான் என்றேன். இனிஷியலோடு முழுப் பேரையும் சொல்லி எழுத வைத்தேன்.

கூப்பிட்டால் அவள் வந்துதான் ஆக வேண்டும். போன வாரம் அந்தக் கோர்ட்டுக்குள் போய் பார்த்துவிட்டு வந்தேன். சாட்சிக் கூண்டு இடுப்பு உயரம்தான், மரச்சட்டம். உள்ளே நாற்காலி இல்லை.